டானி ஹாத்தவேயின் 'லைவ்': முதல் தடவை கேட்பவருக்கு ஒரு வழி

சோல் இசை கேட்டுப் பழகணும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் பல வருடங்களாக நான் ஒரே ஆல்பத்தைத்தான் சொல்லி வருகிறேன். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்த இசை, அதில் பெயர் பெற்ற பாடகர் டானி ஹாத்தவேயின் 'லைவ்'. 1972இல் வெளிவந்தது, எட்டே பாட்டு, மொத்தம் 52 நிமிடம் போல வரும். அப்படிக் கேட்டுப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஐம்பது வருஷமா கொண்டாடுற அளவுக்கு இதுல என்ன?" என்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது, எந்தப் பாட்டை முதலில் போடுவது, எதைக் காது கொடுத்துக் கேட்பது என்று யாராவது கூட இருந்து சொல்ல வேண்டிய ஆல்பம் இது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. இந்த ஆல்பத்தில் பாடுவது மேடையில் இருப்பவர் மட்டும் இல்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களும் பாடுகிறார்கள், கத்துகிறார்கள், கை தட்டுகிறார்கள், வாசிப்பவர் ஒரு நல்ல இடத்தைத் தொட்டால் "ஆமாம்" என்று பதில் சொல்கிறார்கள், அந்தப் பதிலைக் கேட்டு வாசிப்பு மாறுகிறது. கூட்டத்தையும் ஒரு வாத்தியமாக எண்ணிக் கேட்கத் தொடங்கிவிட்டால் மீதி தானாகப் பிடிபடும்.

முதல் வேலை: சரியான பதிவைத் தேடி எடுங்கள்

ஹாத்தவேயின் மேடைப் பதிவுகள் வேறு சிலவும் இருக்கின்றன. 1980இல் வந்த 'இன் பெர்ஃபார்மன்ஸ்', 2004இல் தொகுத்த 'தீஸ் சாங்ஸ் ஃபார் யூ, லைவ்!', நியூயார்க்கின் பிட்டர் எண்ட் என்ற கிளப்பில் நடந்த நிகழ்ச்சிகளிலிருந்து பிற்பாடு வெளியிட்டவை என்று தேடினால் எல்லாம் கலந்து வரும். எல்லாமே நல்லவைதான், ஆனால் இப்போது வேண்டாம். 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்று தொடங்கி 'வாய்சஸ் இன்சைட்' என்று முடிகிற எட்டுப் பாட்டு வரிசைதான் நமக்கு வேண்டியது.

செயலியில் கேட்பவர் என்றால் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததின் தொடக்கத்தோடு குழைத்துவிடும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடுங்கள். பாட்டு முடிந்ததும் வரும் கைதட்டல் இந்த ஆல்பத்தில் வெறும் இடைவெளி இல்லை, அதை வெட்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான். அப்புறம், தயவுசெய்து போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். போன் ஸ்பீக்கரில், தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார் கிட்டத்தட்ட காணாமலே போய்விடும், இந்த ஆல்பத்தின் முதுகெலும்பே பேஸ்தான். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், காதை நன்றாக மூடுகிற ஹெட்ஃபோன் ஒன்று போதும். பேருந்திலும் ரயிலிலும் கேட்டால் எஞ்சின் உறுமலுக்குள் அதே பேஸ் புதைந்துவிடும், முதல் தடவையாவது வீட்டில், ராத்திரி சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு.

தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்

இரண்டு சின்ன அரங்குகள். முதல் நான்கு பாட்டு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வெஸ்ட் ஹாலிவுட்டில் இருக்கும் ட்ரூபடோரில், 1971 ஆகஸ்ட் மாதம் பதிவானவை. பின் நான்கும் நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் பிளீக்கர் தெருவில் இருக்கும் பிட்டர் எண்டில், அதே வருடம் அக்டோபரில். ஆயிரக்கணக்கானவர் கூடும் மைதானங்கள் இல்லை, சில நூறு பேர் நெருக்கியடித்து உட்காரும் கிளப்கள். ஒருத்தர் சிரித்தால்கூட மேடைக்குக் கேட்கும் தூரம். இந்த ஆல்பத்தின் குணத்தில் பாதி அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது.

ஹாத்தவே 1945இல் சிகாகோவில் பிறந்து, செயின்ட் லூயிஸில் பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டி கிறிஸ்தவ நற்செய்திப் பாடல்கள் பாடுபவர். பேரனும் சின்னஞ்சிறு வயதிலேயே கையில் யுகுலேலே என்ற குட்டிக் கிட்டாரை வைத்துக்கொண்டு 'டானி பிட்ஸ்' என்ற பெயரில் தேவாலயங்களில் பாடத் தொடங்கிவிட்டார். பிறகு வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இசை படித்தார், படிப்பு முடிவதற்குள் தொழில்முறை இசை வேலை வந்து இழுத்துக்கொண்டது. தேவாலயப் பழக்கமும் பல்கலைக்கழகப் பயிற்சியும் ஒரே ஆளிடம் இருந்ததை இந்த 52 நிமிடத்தில் பல இடங்களில் கேட்கலாம். கறுப்பினத் தேவாலயங்களில் போதகர் ஒரு வரி சொன்னால் சபை உடனே பதில் கொடுக்கும், யாரும் கைகட்டிச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அங்கே பழகிய காதுகள்தான் 1971இல் அந்தக் கிளப்புகளிலும் உட்கார்ந்திருந்தன.

இசைக்குழுவில் ஐந்தாறு பேர்தான். பாட்டும் எலெக்ட்ரிக் பியானோவும் ஹாத்தவே. பேஸ் வில்லி வீக்ஸ். டிரம்ஸ் ஃப்ரெட் வைட், பிற்காலத்தில் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவில் வாசித்தவர், இந்தப் பதிவின்போது வயது பதினாறு. காங்கா, அதாவது கையால் தட்டும் உயரமான தோல் வாத்தியம், எர்ல் டெரோவன். கிட்டார் ஒன்று மைக் ஹோவர்ட், இன்னொன்று ட்ரூபடோரில் ஃபில் அப்சர்ச், பிட்டர் எண்டில் கார்னெல் டூப்ரீ. இவ்வளவுதான். வயலின் கிடையாது, ஊதுகருவி கிடையாது, பின்பாட்டுக்கென்று தனியாக ஆள் கிடையாது. பின்பாட்டு யார் பாடுகிறார்கள் என்றுதான் ஏற்கெனவே சொன்னேனே.

நாலாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள்

வரிசைப்படி முதல் பாட்டைப் போடாதீர்கள். 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்', நாலாவது, அதைப் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிட வீட்டுப்பாடம் இருக்கிறது. இதே பாட்டை எழுதிய கேரல் கிங் பாடியதையும் ஜேம்ஸ் டெய்லர் பாடியதையும் ஒவ்வொரு தடவை கேட்டுவிடுங்கள். இரண்டும் 1971ஆம் வருடத்தவை. டெய்லர் பாடியது அந்த ஜூலையில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, அதே கோடையில் ஹாத்தவேயும் பாடகி ராபர்ட்டா ஃப்ளாக்கும் சேர்ந்து பாடிய பதிவும் வானொலியில் ஓடிக்கொண்டிருந்தது. டெய்லர் இந்தப் பாட்டை முதன்முதலில் கேட்டதே இதே ட்ரூபடோர் அரங்கில்தான். ஆக, ஆகஸ்டில் அங்கே வந்து உட்கார்ந்தவர்களுக்கு இது மனப்பாடம்.

இப்போது ஹாத்தவேயின் பதிவைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கூட்டத்தை மட்டும் கேளுங்கள். எலெக்ட்ரிக் பியானோவில் அந்த முன்னிசையின் ஒரு துணுக்குதான் வந்திருக்கும், இன்ன பாட்டு என்று தெரிந்ததும் பெண்கள் குரலில் ஒரு கூச்சல் எழும்புகிறது. வீட்டுக்கு வெகுநாள் கழித்து வந்தவரை வாசலில் பார்த்ததும் எழும் குரல் மாதிரி. அவர் சரணத்தைப் பாடுகிறார், அவசரமே இல்லை, சொற்களை இழுத்து, சில இடத்தில் தாளத்துக்குப் பின்னால் தங்கி, மெதுவாகப் பல்லவிப் பக்கம் கொண்டுவருகிறார். பல்லவி வந்ததும் மொத்த அரங்கும் பாடுகிறது. யாரோ ஒத்திகை பார்த்த கோரஸ் மாதிரி ஒழுங்காக இல்லை, ஆனால் சுருதி விலகாமல், அத்தனை பேரும் ஒரே மூச்சில். ஹாத்தவே அவர்கள் கையில் பாட்டைக் கொடுத்துவிட்டு, இடையிடையே ஒரு வரி சேர்த்துக்கொண்டு, பியானோவில் தாங்கிப் பிடிக்கிறார். தனியாக இருக்கிறாயா, பெயரைச் சொல்லிக் கூப்பிடு, வந்துவிடுவேன் என்பதுதான் பாட்டின் பொருளே. கேரல் கிங் பாடும்போது அதை ஒரு தோழி சொல்கிறாள். இங்கே சில நூறு பேர் சேர்ந்து சொல்கிறார்கள், அதுவும் பாடகரைப் பார்த்து.

ஒரு நாள் ராத்திரி இதை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தம்பி உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான், ஆங்கிலப் பாட்டுப் பக்கமே போகாதவன். பல்லவி வந்தபோது குழாயை மூடிவிட்டு, கையில் நுரை சொட்டச் சொட்ட வாசற்படியில் வந்து நின்று, "அண்ணா, இது யாரு பாடுறது, எல்லாருமா?" என்றான். ஆமாம், எல்லாரும்தான். அவனுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் கை தட்டப் பழகுங்கள்

இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. நமக்குத் தாளம் என்றால் முதல் தட்டில்தான் கை விழும், சமத்தில் தட்டியே பழகியவர்கள். சோல் இசையில் அப்படித் தட்டினால் பாட்டு நடக்காமல் உட்கார்ந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுங்கள், ஒன்றிலும் மூன்றிலும் காலை மட்டும் அசையுங்கள், இரண்டிலும் நான்கிலும் கை தட்டுங்கள். டிரம்ஸில் 'டப்' என்று ஸ்னேர் விழும் இடம் பெரும்பாலும் அதுதான். அதே 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' மெதுவாகப் போகிற பாட்டு, அதில் பழகிவிட்டால் மற்றதற்கெல்லாம் கை தானாக வரும். ஐந்து நிமிடம் தப்பாக விழும், ஆறாவது நிமிடம் உடம்பு கண்டுபிடித்துவிடும், அப்போது பாட்டு முன்னைவிட லேசாக நகர்வது உங்களுக்கே தெரியும்.

பன்னிரண்டு நிமிடப் பாட்டுக்குப் பயப்படாதீர்கள்

'தி கெட்டோ'. புதியவர்கள் பெரும்பாலும் கைவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். சொற்கள் என்று பார்த்தால் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், பாட்டோ பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது. கெட்டோ என்பது சிகாகோ போன்ற நகரங்களில் கறுப்பின மக்களை வேறெங்கும் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ விடாமல் ஒதுக்கி வைத்த குடியிருப்புப் பகுதி. வறுமையும் அங்கேதான், அண்டை அயல் என்கிற ஒட்டுறவும் அங்கேதான். ஹாத்தவேயும் கல்லூரித் தோழர் லெராய் ஹட்சனும் சேர்ந்து எழுதிய இந்தப் பாட்டு எந்தக் கதையையும் சொல்லவில்லை, புலம்பவும் இல்லை. அந்தத் தெருவின் நடையை மட்டும் எடுத்து வாசிக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடருங்கள். வில்லி வீக்ஸ் ஒரு சின்ன ஸ்வர உருவை எடுத்துச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டே இருப்பார், கொஞ்சமும் அசராமல், ஆனால் கவனித்தால் அங்கங்கே ஒரு ஸ்வரத்தை மாற்றி வைத்திருப்பார். இரண்டாம் தடவை பியானோ. ஹாத்தவே வாசிப்பது வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோ. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் எஃகுத் தகட்டைத் தட்டும், அந்த அதிர்வு மின்சாரமாக மாறி ஒலிபெருக்கிக்குப் போகும். மெல்லத் தொட்டால் மணி மாதிரி இருக்கும், ஓங்கி அடித்தால் கரகரவென்று குரைக்கும். அவருடைய நீண்ட தனி வாசிப்பில் இந்த இரண்டும் மாறி மாறி வருவதைக் கேளுங்கள், கூட்டம் எந்த எந்த இடத்தில் கத்துகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் அவர் ஒரு உருவைப் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போதுதான் கத்துகிறார்கள்.

மூன்றாம் தடவை, காங்காவும் கைகளும். எர்ல் டெரோவன் தனியாக வாசிக்கும்போது கூட்டம் கை தட்டத் தொடங்கி, அந்தக் கைதட்டலே ஒரு தாளவாத்தியமாகிவிடும். கடைசியில் அரங்கம் முழுக்க அந்த ஒற்றைச் சொல்லைப் பாடுவதில் வந்து நிற்கும். இதே பாட்டின் ஸ்டூடியோ வடிவம் 1970இல் வந்த முதல் ஆல்பத்தில் இருக்கிறது, ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதையும் போட்டுப் பாருங்கள். அருமையான பதிவுதான், ஆனால் மேடையில் கூடுதலாக வந்த ஐந்து நிமிடம் யார் கொடுத்தது என்று உடனே விளங்கும்.

இப்போது முதல் பாட்டுக்குப் போகலாம். 'வாட்ஸ் கோயிங் ஆன்' மார்வின் கே பாடியது, 1971 தொடக்கத்தில் வந்தது, ஹாத்தவே அதைப் பாடும்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு இதில் இருக்கிறது. மார்வின் கேயின் பதிவில் ஒரு விருந்துச் சத்தம் கேட்கும், நண்பர்கள் சந்தித்துக் குசலம் விசாரிப்பது போல. அது ஸ்டூடியோவில் ஆட்களைக் கூட்டிவந்து பேசவைத்துச் சேர்த்தது. ஹாத்தவேக்கு அந்த ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு தாங்களாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவதான 'ஹே கேர்ல்' டெரோவன் எழுதியது, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும் இதமான பாட்டு, அதற்கென்று பாடம் எதுவும் வேண்டாம்.

இரண்டாம் பக்கம்

நியூயார்க் வந்துவிட்டோம். அரங்கம் மாறியதைக் காது சொல்லும், கூட்டத்தின் குரல் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 'லிட்டில் கெட்டோ பாய்' வறுமையில் வளரும் ஒரு சிறுவனிடம் நேராகப் பேசும் பாட்டு, பெரியவனானதும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறது. இருபது வருடம் கழித்து, 1992இல், ராப் இசைக்கலைஞர் டாக்டர் டிரே இதை எடுத்துத் தன் ஆல்பத்தில் பயன்படுத்தினார். ராப் கேட்பவர் என்றால் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிடும். 'வீ ஆர் ஸ்டில் ஃப்ரெண்ட்ஸ்' மெதுவான பாட்டு. பிரிந்துபோன இருவரைப் பற்றியது, நான் இதைக் காலையில் கேட்பதில்லை.

'ஜெலஸ் கை' ஜான் லென்னனுடையது. லென்னனின் ஆல்பம் 1971 செப்டம்பரில் வந்தது, அக்டோபரில் ஹாத்தவே அதை மேடையில் பாடிவிட்டார். மூலத்தில் குற்றவுணர்ச்சியோடு முணுமுணுக்கிற பாட்டு. இவர் கையில் தேவாலயப் பியானோச் சாயல் ஏறி, தப்புச் செய்துவிட்டேன் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிற பாட்டாகிவிட்டது. மூன்று நிமிடம்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பாட்டு என்பது எழுதியவரோடு முடிவதில்லை என்று தெரியும்.

கடைசிப் பாட்டுக்கு ஒரு தனி ராத்திரி ஒதுக்குங்கள்

'வாய்சஸ் இன்சைட்', பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். ஆல்பத்தின் உச்சம் இதுதான் என்பது என் கருத்து, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பாட்டு என்று ஒரு சிறு பகுதி, அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் தனி வாசிப்பு. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும், மற்றவர்கள் ஒதுங்கி இடம்விட ஒருவர் மட்டும் அந்தத் தாளத்துக்குள் தன் கணக்கைச் சொல்வது. கிட்டார்கள் முடிந்து, பாட்டு பாதி தாண்டிய பிறகு, ஹாத்தவே பேஸ் வாசிப்பவரின் பெயரைச் சொல்லி முன்னால் அழைக்கிறார்.

இங்கிருந்து நிறுத்தி நிறுத்திக் கேட்கக் கூடாது. வில்லி வீக்ஸ் மிகக் குறைவாகத் தொடங்குகிறார். இரண்டு மூன்று ஸ்வரம், ஒரு மௌனம், மறுபடி இரண்டு ஸ்வரம். அந்த மௌனத்தில் ஃப்ரெட் வைட்டின் டிரம்ஸ் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. பதினாறு வயதுப் பையன், தன் பங்குக்கு எதையாவது சொருகிக் காட்டவேண்டும் என்ற ஆசை எழுந்திருக்காதா, ஒன்றும் செய்யவில்லை, தாளத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்த அடக்கத்தை நான் பல நாள் கவனிக்கவே இல்லை, இப்போது ஒவ்வொரு தடவையும் அங்கேதான் காது போகிறது. வீக்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார். மேலே போய் ஒரு உருவைப் பிடித்துக்கொண்டு விடாமல் வாசிக்கும்போது கூட்டம் நடுவில் புகுந்து கத்துகிறது, பேஸ் கிட்டாருக்காக ஒரு அரங்கமே இப்படிக் கத்துவதைப் பொதுவாகக் கேட்க முடியாது. பேஸ் கற்றுக்கொள்பவர்கள் இன்றைக்கும் இந்தப் பகுதியை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைத்து வாசித்துப் பழகுகிறார்கள்.

இதெல்லாம் ஆன பிறகு, ஒரு நாள், முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

ஒரு விஷயம். தேடிப் படித்தால் ஹாத்தவேயின் முடிவு கண்ணில் படும். கடுமையான மனநோயோடு பல வருடம் போராடி, 1979 ஜனவரி 13 அன்று நியூயார்க்கில் தங்கியிருந்த ஓட்டலின் மேல்மாடியிலிருந்து விழுந்து இறந்தார், வயது 33. மனதைப் பிசையும் செய்திதான். ஆனால் அந்தத் துக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதில் இருப்பது இருபத்தாறு வயதை ஒட்டிய ஒரு இளைஞர், தன் கூட்டாளிகளோடு, தன்னை விரும்பும் மனிதர்கள் நடுவில், சந்தோஷமாக வாசிப்பது. அதுவும் அவர் வாழ்க்கைதானே.

இது பிடித்துப்போனால் அடுத்து

சாம் குக்கின் 'லைவ் அட் த ஹார்லெம் ஸ்க்வேர் கிளப், 1963'. மியாமியில் 1963 ஜனவரியில் பதிவானது, மிகவும் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று நிறுவனம் வெளியிடாமல் வைத்திருந்து 1985இல்தான் வந்தது. வானொலியில் பட்டுப்போலப் பாடியவரின் குரல் இங்கே கிழிந்து தொங்கும், அவ்வளவு சூடு. அடுத்து அரீத்தா ஃப்ராங்க்ளினின் ஃபில்மோர் வெஸ்ட் பதிவு, 1971. அதிலும் கிட்டார் கார்னெல் டூப்ரீதான், குரலை அடையாளம் காண்பது போல அவர் கிட்டாரை அடையாளம் காண முடிகிறதா என்று பாருங்கள். ஜேம்ஸ் பிரவுனின் 1962 அப்பல்லோ நிகழ்ச்சி இன்னும் வேகம், அரை மணி நேரம்தான், அதைக் கடைசியாக வையுங்கள்.

அதற்குப் பிறகு லாலா ஹாத்தவே. டானியின் மகள், அப்பா இறந்தபோது பத்து வயதுப் பெண். 2015இல் தன் மேடை ஆல்பத்தை அதே ட்ரூபடோரில் பதிவு செய்தார், அதில் 'லிட்டில் கெட்டோ பாய்' பாடினார், அந்தப் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. அப்பா பாடியதை முதலில் போட்டு, அந்தக் கைதட்டல் முழுக்க முடிந்த பிறகு மகள் பாடியதைப் போடுங்கள்.